அழுத பிள்ளை மட்டும்தானா பால் குடிக்க வேண்டும்?



எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒரு பொந்து இருக்கிறது. பழைய உத்திரம் ஒன்றை எடுத்த இடம். அதைப் பூசி அடைத்துவிட வேண்டும் என்று என் கணவர் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பங்குனியில் ஒருவழியாகக் கொத்தனாரும் வந்து சேர்ந்தார். ஆனால் அதற்கு முந்தின வாரமே ஒரு சிட்டுக்குருவி ஜோடி வைக்கோலும் பஞ்சுமாகக் கொண்டுவந்து அங்கே குடித்தனம் ஆரம்பித்துவிட்டது. குடியிருக்கிறவர்களைக் காலி பண்ண எனக்கு மனசு வரவில்லை. "சரிம்மா, சித்திரை கழிச்சு வரேன்" என்று கொத்தனாரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றையிலிருந்து எனக்கு மாடிப்படியில்தான் வாசம். ஏழாவது படியில் நின்றால் பொந்து சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். முட்டைகள் வைத்துப் பன்னிரண்டு நாள் போல ஆனதும் 'கீச் கீச்' என்று மெல்லிசான சத்தம். எட்டிப் பார்த்தால் நாலு குஞ்சுகள். ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை, தலை நிற்கவில்லை. சும்மா இருக்கும்போது பார்த்தால் உரித்த சின்ன வெங்காயம் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். தாயோ தகப்பனோ வந்து பொந்தின் விளிம்பில் உட்கார்ந்ததுதான் தாமதம், நாலும் கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கும். அப்போது குஞ்சு என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. வாய்தான் தெரியும். உள்ளே ரோஜாச் சிவப்பு, சுற்றி மஞ்சள் விளிம்பு.

லீவுக்கு வந்திருந்த என் பேத்தி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "பாட்டி, எல்லாக் குஞ்சும் மஞ்சள் லிப்ஸ்டிக் போட்டிருக்கு! யார் போட்டு விட்டா?"

சிரித்துவிட்டேனே தவிர, எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த இதழுக்கான விஷயம் கிடைத்தது. தேடப் போன இடத்தில் என் சொந்த வீட்டுக் கதை ஒன்றும் நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த மஞ்சள் விளிம்பைப் பார்ப்போம். பொந்துக்குள் இருட்டு. பகல் வெளிச்சத்திலிருந்து சட்டென்று உள்ளே வரும் தாய்க்கு எந்த இடத்தில் வாய் இருக்கிறது என்று தெரிய வேண்டும். விடிவதற்கு முன் இருட்டு வாசலில் வெள்ளைக் கோலம் மட்டும் பளிச்சென்று தெரியுமே, அந்த மாதிரிதான் இதுவும். 'இங்கே போடு' என்று சொல்லும் கோலம். வெட்டவெளிக் கூட்டில் வளரும் குஞ்சுகளைவிட, பொந்துகளில் வளரும் குஞ்சுகளுக்கு இந்த விளிம்பு அகலமாக இருப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவில் மரப்பொந்தில் வளரும் கூல்டியன் ஃபிஞ்ச் என்ற குருவியின் குஞ்சுகளுக்கு வாயோரத்தில் நீல மணிகள் மாதிரி சின்னச் சின்ன முண்டுகள் இருக்கின்றன. பொந்துக்குள் வருகிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் அவை கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். பார்ப்பதற்கு இருட்டில் விளக்கேற்றி வைத்தது போல் இருக்கும்.

இன்னொரு ஆச்சரியம். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா நிறம் பறவைகளின் கண்ணுக்குத் தெரியும். குஞ்சுகளின் வாய் அந்த ஒளியையும் நன்றாகத் திருப்பி அனுப்புகிறது என்று 2003ல் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். மறு வருஷம், ஸ்டார்லிங் என்ற மைனா இனத்துக் குஞ்சுகளை வைத்து ஒரு பரிசோதனை வெளியாயிற்று. குஞ்சின் உடம்பில் புற ஊதாவைத் தடுக்கும் பூச்சைத் தடவினார்கள். நம் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கு எடை குறைவாகவே ஏறிற்று. ஆக, நாம் பார்க்கும் வாய் வேறு, தாய்க்குருவி பார்க்கும் வாய் வேறு. நமக்குத் தெரியாதது பெற்றவளுக்குத் தெரிகிறது.

சரி, வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாலு வாயில் எந்த வாய்க்குப் போடுவது? கொண்டுவந்திருப்பது ஒரே ஒரு பச்சைப் புழு. இங்கேதான் நிறத்தின் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரெபெக்கா கில்னர் என்ற பெண் விஞ்ஞானி 1997ல் கேனரிக் குருவிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கேனரிக் குஞ்சு வாயைத் திறந்து இரை கேட்கத் தொடங்கியதும், வாய்க்குள் ரத்தம் பாய்ந்து சில விநாடிகளில் செக்கச் செவேல் என்று ஆகிறது. நமக்கு வெட்கத்தில் முகம் சிவக்கிற மாதிரி. எவ்வளவு நேரம் பட்டினி கிடந்ததோ அவ்வளவுக்கு ஆழமான சிவப்பு. வயிறு நிறைந்த குஞ்சும் வாயைத் திறக்கும், ஆனால் அந்த அளவு சிவக்காது. சில குஞ்சுகளின் வாயைச் செயற்கையாகச் சிவப்பாக்கிப் பார்த்தபோது, பெற்றோர் ஏமாந்து அந்த வாய்களுக்கே அதிகமாக ஊட்டின. கேனரிக் குடும்பத்தில் சிவப்பு என்றால் 'எனக்கு ரொம்பப் பசிக்கிறது' என்று அர்த்தம்.

இதைப் படித்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது. பசித்தவனுக்கு முதல் கவளம் என்பது எவ்வளவு நியாயமான சட்டம்! ஆனால் அடுத்ததைப் படித்ததும் சங்கடமாகிவிட்டது.

குளிர்காலத்தில் நம் ஊர் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே தகைவிலான் குருவி, வால் இரண்டாகப் பிரிந்திருக்குமே, அது இங்கே முட்டை வைக்காது. வடக்கே தூர தேசங்களுக்குப் போய்த்தான் கூடு கட்டும். அந்த இனம் இத்தாலியில் மாட்டுக் கொட்டகைகளில் கூடு கட்டுகிறது. அங்கே நிக்கோலா சைனோ என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2000ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. இந்தக் குஞ்சுகளிலும் சிவப்பான வாய்க்குத்தான் தாய் தகப்பன் அதிகம் ஊட்டுகின்றன. ஆனால் அந்தச் சிவப்புக்குப் பொருள் வேறு.

சில குஞ்சுகளுக்கு ஆட்டின் ரத்த அணுக்களைத் துளியளவு ஊசி மூலம் ஏற்றினார்கள். அதனால் நோய் வராது. ஆனால் உடம்பு 'ஏதோ அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது' என்று எண்ணி எதிர்த்துப் போராடத் தொடங்கும். அப்படிப் போராடிய குஞ்சுகளின் வாய், கூடப் பிறந்தவற்றின் வாயைவிட வெளுத்துப் போயிற்று. அதே ஊசி போட்ட வேறு சில குஞ்சுகளுக்கு லூட்டீன் என்ற சத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் வாய் மறுபடி நன்றாக நிறம் பிடித்துக்கொண்டது.

லூட்டீன் என்பது கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்த நிறமி. முட்டையின் மஞ்சள் கருவிலும், நாம் சமைக்கும் கீரைகளிலும் இருப்பதுதான். பறவையோ மனிதரோ இதை உடம்பில் தானாகத் தயாரிக்க முடியாது. சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். குஞ்சின் உடம்பு இதை இரண்டு செலவுக்கு வைத்திருக்கிறது. ஒன்று, நோயை எதிர்ப்பது. மற்றது, வாய்க்கு நிறம் ஏற்றுவது. வைத்தியச் செலவு போக மிச்சம் இருந்தால்தானே நம் வீட்டில் பட்டுப்புடவை? அந்த மாதிரி, நோயோடு போராடும் குஞ்சிடம் வாய்க்கு நிறமேற்ற மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே தகைவிலான் வீட்டில் சிவப்பு என்றால் 'நான் நன்றாக இருக்கிறேன், எனக்குப் போட்டால் வீண் போகாது' என்று அர்த்தம். வெளுத்த வாய் என்றால் சீக்காளி. சீக்காளிக்குக் கவளம் குறைவு!

ஒரே நிறம். ஒரு வீட்டில் பசிக்குச் சாட்சி, மற்றொரு வீட்டில் பலத்துக்குச் சாட்சி. ஒரு தாய் பசித்ததற்கு ஊட்டுகிறாள், மற்றொரு தாய் பிழைக்கப் போவதற்கு ஊட்டுகிறாள். ஏன் இப்படி?

இதற்கு 2016ல் ஒரு விளக்கம் வந்தது. 143 பறவை இனங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி, ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரை தாராளமாக, நிச்சயமாகக் கிடைக்கிற இடங்களில் வாழும் பறவைகள் பெரும்பாலும் கெஞ்சுகிற குஞ்சுக்கு, தேவை அதிகமுள்ள குஞ்சுக்குக் கொடுக்கின்றன. நாளைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாத இடங்களில் வாழ்பவை, கெஞ்சலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பெரியதாக, வலுவாக இருக்கிற குஞ்சுக்கே கொடுக்கின்றன. குறைவாக இருக்கும்போது எல்லோரையும் காப்பாற்றப் போய் எல்லோரையும் இழந்துவிடக் கூடாது என்ற கணக்கு. பறவைகளைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவற்றுக்கு ரேஷன் கடை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா?

ஆனால் இதைப் படித்தபோது என் மனசில் நம் வீடுகள்தான் வந்து நின்றன. வீட்டில் இருந்தது ஒரு முட்டை என்றால் அது யார் தட்டுக்குப் போயிற்று? 'அவன் ஆம்பளைப் பிள்ளை, நாளைக்குச் சம்பாதிக்கப் போறவன்' என்று அவனுக்குப் போயிற்று. பெண் குழந்தைக்கு ரசம் சாதம். கடைசியில் உட்கார்ந்த அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டியது. நாமும் ஒரு காலத்தில் குறைவில் வாழ்ந்த பறவைகள்தான். ஆனால் குறைவு போன பிறகும் பழக்கம் போகவில்லையே! 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு. நம் வீட்டு வாய்களும் வெளுத்துத்தான் கிடக்கின்றன சகோதரிகளே. நாம்தான் பார்ப்பதில்லை.

நாமக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். ஏரிகளில் கறுப்பாக நீந்திக்கொண்டு, நெற்றியில் வெள்ளையாக நாமம் போட்டிருக்கும். இதற்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி இனம் உண்டு. பெற்றோர் கறுப்பு. ஆனால் குஞ்சுகளுக்குக் கழுத்திலும் முன்பக்கத்திலும் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இழைகள், தலையில் சிவப்பு. நீரில் மிதக்கும் கூட்டில் இப்படிக் கல்யாணக் கோலம் எதற்கு? பருந்து பார்த்துவிடாதா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து நீர்நிலைகளில் புரூஸ் லையன் என்பவரும் நண்பர்களும் செய்த பரிசோதனை 1994ல் வெளியாயிற்று. ஒரு கூட்டில் பாதிக் குஞ்சுகளின் ஆரஞ்சு நுனிகளைக் கத்தரித்துக் கறுப்பாக்கினார்கள். மற்றப் பாதியை அப்படியே விட்டார்கள். பெற்றோர் ஆரஞ்சுக் குஞ்சுகளுக்கே அதிகம் ஊட்டின. அவை வேகமாக வளர்ந்தன. கறுப்பாக்கப்பட்டவை பின்தங்கின. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சில கூடுகளில் எல்லாக் குஞ்சுகளையுமே கறுப்பாக்கினார்கள். அங்கே ஒரு கெடுதலும் நேரவில்லை! எல்லாம் ஆரஞ்சாக இருந்த கூட்டுக் குஞ்சுகளைப் போலவே அவையும் பிழைத்தன. அதாவது, நிறம் இல்லாததால் எந்தக் குஞ்சும் கெடவில்லை. பக்கத்தில் நிறமுள்ள ஒன்று நின்றதால்தான் கெட்டது. 'அக்காவைப் பார், எப்படி மினுமினுன்னு இருக்கா' என்று ஒப்பிட்டுப் பேசுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? அதைச் சொல்லும்போதெல்லாம் இனி எனக்கு அந்தக் கறுப்புக் குஞ்சு ஞாபகம் வரும்.

ஆனால் இந்தக் கதைக்கு மங்களமான பாக்கி ஒன்று இருக்கிறது. 2020ல் அதே லையனும் இன்னொருவரும் மேலும் கண்டுபிடித்துச் சொன்னது. நாமக்கோழிக் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. நாள் கணக்கில் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். கடைசியாகப் பொரிப்பவைதான் கூட்டத்தில் சின்னவை, பலவீனமானவை. அவற்றுக்குத்தான் ஆரஞ்சு நிறம் ஜாஸ்தி! முட்டையிடும்போதே தாய், பிந்திய முட்டைகளில் நிறமியைக் கூட்டி வைக்கிறாள் என்று அவர்கள் கருதுகிறார்கள். முதலில் பிறந்தவை முண்டியடித்து எல்லாவற்றையும் தின்றுவிடும். சில நாள் கழிந்ததும் பெற்றோர் அந்தத் தடியன்களைக் கொத்தி விரட்டிவிட்டு, நிறமுள்ள கடைக்குட்டிகளைத் தேடித் தேடி ஊட்டுகின்றன. முண்டியடிக்கத் தெரியாத பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள் அந்தத் தாய்.

நிறத்தை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஜப்பானில் ஃபூஜி மலைக் காடுகளில் ஒரு குயில் இனம் இருக்கிறது. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டை இடுவது போல, அது வேறு சின்னக் குருவியின் கூட்டில் இடும். குயில் குஞ்சு கூட்டிலிருந்த மற்றவற்றை ஒழித்துவிட்டுத் தனியாக வளரும். ஆனால் ஒரே ஒரு வாயைப் பார்த்தால் வளர்ப்புத் தாய் கொஞ்சமாகத்தானே கொண்டுவருவாள்? அதனால் இந்தக் குஞ்சு, தன் இறக்கையைத் தூக்கிக் காட்டி ஆட்டுகிறது. இறக்கைக்கு அடியில் ரோமமில்லாத ஒரு மஞ்சள் திட்டு. வாயின் நிறமும் அதுவே! 'இன்னும் இரண்டு பேர் பசியோடு இருக்கிறோம்' என்று பொய்க் கணக்கு. பாவம், சில சமயம் அந்த வளர்ப்புத் தாய் இறக்கைத் திட்டிலேயே புழுவை வைத்துவிடுகிறதாம். தனாகா, உவெடா என்ற இரு விஞ்ஞானிகள் 2005ல் இதை வெளியிட்டார்கள். அந்தத் திட்டுக்குக் கறுப்புச் சாயம் பூசியபோது இரை வருவது குறைந்துவிட்டதாம்.

என் மாமியார் அடிக்கடி சொல்வார், "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்". அந்தக் காலத்தில் நானும் அதை வேதவாக்காக நம்பினேன். எனக்கு மூன்று குழந்தைகள். மூத்தவன் பசி பொறுக்கமாட்டான், தட்டைத் தட்டுவான். கடைசிப் பெண் செல்லம், தரையில் புரண்டு அழுது காரியம் சாதிப்பாள். நடுப்பெண் வாயே திறக்கமாட்டாள். போட்டதைச் சாப்பிடுவாள், போதும் என்பாள், எழுந்துபோவாள். "நடுவுள்ளவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது, பலப்பம் தின்கிறாள் என்று கண்டுபிடித்தேன். பையைத் துழாவினால் பாதி கடித்த பலப்பத் துண்டுகள். அரிசி டப்பாவிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். இரண்டு தடவை முதுகில் வைத்தேன். "சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை மாதிரி எதுக்குடி இந்த எச்சில் புத்தி?" என்று கேட்டேன். அவள் அப்போதும் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வருஷம் அவள் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று நின்று ஏறுவாள். சோம்பேறி என்றேன்.

ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தார். மருதாணி வைத்துவிட அவள் கையைப் பிடித்தவர், வைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் உள்ளங்கையை அவள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஏண்டி, இந்தப் பொண்ணு கை ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? நீ பாக்கவே இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அறுபது வயதுக் கிழவியின் கை சிவந்திருந்தது. பத்து வயதுக் குழந்தையின் கை காகிதம் போல் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, இது சிவப்பா இருக்கணும்." வெளிறிக் கிடந்தது. ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் ஏழு கிராம். மண், பலப்பம், பச்சரிசி என்று இப்படிப்பட்ட தீனிகளின் மேல் ஆசை வருவதே இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று அவர்தான் சொன்னார். நான் அடித்தது ஒரு நோயின் அறிகுறியை. பூச்சி மருந்து கொடுத்து, இரும்பு மாத்திரை பல மாதம் கொடுத்து, அவள் தேறினாள். ஒருநாள் மாடிப்படியில் தடதடவென்று ஓடி ஏறினாள் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குருவிக் குஞ்சைப் பார்த்து லிப்ஸ்டிக் என்று கத்தினாளே, அந்தப் பேத்தி அவள் பெண்தான்.

அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழாத பிள்ளையைத்தான் கண்ணால் பார்க்க வேண்டும். குருவிக்குத் தெரிந்த வித்தை அது. இளம் தாய்மார்களே, வாரம் ஒரு தரமாவது பகல் வெளிச்சத்தில் உங்கள் குழந்தைகளின் நிறத்தைப் பாருங்கள். மேனி கறுப்பா சிவப்பா என்பதை அல்ல, அது எந்த நிறமாக இருந்தாலும் அழகுதான். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு:

உள்ளங்கை: குழந்தையின் கையை உங்கள் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே ரத்தசோகை இருக்கலாம், ஆகையால் வீட்டிலுள்ள வேறொருவர் கையோடும் ஒப்பிடுங்கள். கீழ் இமையின் உட்புறம், நாக்கு, ஈறு இவையும் வெளிறியிருந்தால் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்பு மாத்திரையை அவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அளவு மீறினால் ஆபத்து. மாத்திரை சாப்பிடும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு காப்பி, டீ கொடுக்காதீர்கள், இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும்.

பிறந்த குழந்தையின் மஞ்சள்: பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்றாம் நாளில் லேசாக மஞ்சள் தட்டித் தானே மறையும். ஆனால் பிறந்த 24 மணிக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்' என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்துப் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

உதடும் நாக்கும் நீலம் பாரித்தால், யாரையும் யோசனை கேட்க வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. குஞ்சுகளின் தட்டைப் பார்க்கும் நீங்கள், உங்கள் தட்டையும் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. 'அசதி, வயசு ஆகிறதல்லவா' என்று சொல்லிக்கொண்டு நடமாடுகிற எத்தனை பேருக்கு உண்மையில் வயசா காரணம்?

எங்கள் பொந்துக் குருவிகள் நன்றாக இருக்கின்றன. நாலில் ஒன்று மட்டும் பின்னால் கிடந்தது, வாய் சின்னது, சத்தமும் இல்லை. பேத்திக்கு அதன் மேல்தான் கண். "அதுக்கும் குடுப்பாங்களா பாட்டி?" என்று தினம் கேட்பாள். நான் என்ன செய்ய முடியும்? ஒருநாள் அது கீழே விழுந்து கிடந்தது. கையில் எடுத்து மெதுவாகக் கூட்டில் திருப்பி வைத்தேன். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அது சரியில்லை. அரை மணியில் தாய் வந்தாள், ஊட்டினாள், சின்னதுக்கும் ஒரு வாய் கிடைத்தது.

பதினைந்தாம் நாள் மூன்று பறந்துபோயின. சின்னது மட்டும் பொந்து விளிம்பில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தது. வாயோரத்தில் அந்த மஞ்சள் இன்னும் மிச்சம் இருந்தது. தகப்பன் குருவி புழுவோடு திரும்பி வந்துகொண்டே இருந்தது. அடுத்த நாள் காலை நாங்கள் எழுந்து பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டது. நாள் முழுக்கப் பேத்தி முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் நேற்று வந்தார். பொந்தை அடைக்க வேண்டாம் என்று என் கணவரே சொல்லி அனுப்பிவிட்டார்.